எண்பது பர்சென்ட் டயர்

"டயர் எண்பது பர்சென்ட் இருக்கு மேடம். மூணு வருஷத்துக்கு அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம்."

2023 ஆடி மாதம் பழைய கார் ஒன்றை வாங்கப் போனபோது அங்கிருந்த பையன் என்னிடம் சொன்னது இது. ஆடியில் வண்டி எடுக்காதே என்று சின்னத்தை தடுத்துப் பார்த்தார். ஆடியில் யாரும் எடுக்க மாட்டார்கள், அதனால்தான் பேசிப் பேசிப் பதினைந்தாயிரம் குறைக்க முடிந்தது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். 2015 மாடல், வெள்ளை ஹேட்ச்பேக், ஒரே ஓனர், ஓடியது வெறும் 28,000 கிலோமீட்டர். வயதான தம்பதி வீட்டு வண்டியாம். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எடுப்பார்களாம். நான்கு டயரும் மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டி எண்ணெய் தடவிய எருமை மாதிரி மின்னின.

எனக்குத் தெரிந்த சோதனைகளை எல்லாம் செய்தேன். இன்ஜினைப் போட்டுக் காது கொடுத்துக் கேட்டேன், ஏசியைக் கூட்டிக் குறைத்தேன், ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பரை ஒத்துப் பார்த்தேன். கடைசியில் டயரைக் காலால் ஒரு உதை. வண்டி வாங்கும் எல்லோரும் உதைக்கிறார்கள். அதிலிருந்து என்ன தெரிகிறது என்று இன்றுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியும் ஆயிற்று. மத்தியானத் தூக்கம் முடிந்து அப்பா வெளியே வந்தார். பெயின்ட்டைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்க்கவில்லை. நேராக முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

அப்பா 29 வருடம் அரசு பஸ் ஓட்டியவர். பாதிக் காலம் மதுரை–குமுளி. உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, கம்பம், லோயர் கேம்ப், அதற்கப்புறம் மலை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லீவில் சில தடவை அவர் வண்டியிலேயே ஏறிப் போயிருக்கிறேன். வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு முழ இரும்பு ராடை எடுத்துக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரிலும் ஒரு தட்டு. பின்பக்கம் ஒவ்வொரு பக்கத்திலும் இரட்டை டயர். வெளிடயர் கண்ணுக்குத் தெரியும், உள்டயர் தெரியாது. உள்ளே இருப்பது காற்று இறங்கிக் கிடந்தாலும் பஸ் சாயாது, வெளிடயர் இரண்டு பேர் சுமையையும் தாங்கிக்கொண்டு ஓடும். ஓடி ஓடிச் சூடேறி, மலையில் எங்காவது அதுவும் போகும். அதனால் ராடை நுழைத்து உள்டயரையும் தட்ட வேண்டும். காற்று இருந்தால் ராடு துள்ளித் திரும்பும், 'டங்' என்று ஒரு சத்தம். இல்லாவிட்டால் 'தொப்'. பழைய மெத்தையை அடித்த மாதிரி. இரண்டு டயருக்கும் நடுவில் கல் மாட்டியிருக்கிறதா என்றும் குனிந்து பார்ப்பார். அந்தச் சுற்று முடியாமல் கண்டக்டர் விசில் கொடுத்தாலும் அவர் ஏற மாட்டார்.

அந்த ராடு இப்போதும் எங்கள் வீட்டுப் படிக்குக் கீழே கிடக்கிறது. அன்றைக்கும் எடுத்து வந்து என் புதுக் காரின் நான்கு டயரையும் தட்டினார். கார் டயரில் தட்டி ஒன்றும் பெரிதாகத் தெரியாது என்று அவருக்கே தெரியும். பழக்கம். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏத்தா, ஒரு வாளித் தண்ணியும் துணி தேய்க்கிற பிரஷும் கொண்டா" என்றார்.

"இப்பத்தானப்பா வாட்டர் வாஷ் பண்ணிக் கொடுத்திருக்காங்க."

"அதான் சொல்றேன், கொண்டா."

சோப்புப் பவுடர் போட்டு ஒரு டயரின் பக்கச் சுவரைத் தேய்த்தார். வாளித் தண்ணீர் தோசைக்கல் கழுவிய மாதிரிக் கறுத்தது. அந்த மினுக்கம் முழுவதும் டயர் பாலிஷ். அது போன இடத்தில் சாம்பல் பூத்த ரப்பர் தெரிந்தது. ரிம் ஓரத்திலிருந்து மேலே வரைக்கும் மெல்லிய வெடிப்புகள். பங்குனியில் வற்றிய கண்மாயின் தரை எப்படி இருக்கும், அதைக் கைக்குட்டை அளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கட்டை விரலால் பக்கத்தை அழுத்தினார். சில வெடிப்புகள் வாய் திறந்தன.

"எப்ப செஞ்ச டயருன்னு பாரு."

எங்கே பார்ப்பது என்று கேட்டேன். சுற்றிலும் இருக்கும் எழுத்துக் கூட்டத்தில் ஓர் இடத்தில் சின்ன நீள்வட்டக் கட்டம் இருக்கும், அதற்குள் நான்கு இலக்கம். செல்போன் டார்ச்சை அடித்துத் தேடி, சத்தமாக வாசித்தேன். "1915."

"1915லயா? வெள்ளைக்காரன் காலத்து டயராப்பா?"

அப்பா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2015ஆம் வருடம் 19ஆவது வாரம். அதாவது மே மாதம். எட்டே கால் வயது. கம்பெனியிலிருந்து கார் வந்தபோது மாட்டியிருந்த அதே டயர்கள். இரண்டு டயரில் அந்த நம்பர் வெளிப்பக்கம் இல்லை. ஒரு பக்கத்தில் மட்டும்தான் முழு நம்பரையும் அச்சிடுவார்கள், டயரை மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கிடைக்காது. சாக்கை விரித்து மல்லாந்து படுத்து அவற்றையும் வாசித்தேன். 46 வயதில் என் சொந்தக் காருக்குக் கீழே நான் படுத்தது அன்றுதான் முதல் தடவை.

எனக்கு ஆறவில்லை. இவ்வளவு குறைவாக ஓடிய வண்டியின் டயர் எப்படி இப்படி ஆகும்? அப்பாவுக்குத் தெரிந்தது, "நிக்கிற வண்டி டயர்தான் சீக்கிரம் கெடும்" என்பது மட்டும். காரணத்தைப் பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். டயர் ரப்பரில் மெழுகு போன்ற சில பொருள்களைக் கலந்திருப்பார்கள். காற்றிலிருக்கும் ஓசோன் ரப்பரை அரித்து வெடிக்க வைக்கும், அதைத் தடுக்க. வண்டி ஓடும்போது டயர் அமுங்கி நிமிர்ந்து, அமுங்கி நிமிர்ந்து, அந்த மெழுகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து ஒரு படலமாக மூடும். மாதக்கணக்கில் வெயிலில் நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டியில் அந்தக் கசிவு சரியாக நடக்காது. ஆக, கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் போன கார் என்பது இன்ஜினுக்கு நல்ல செய்தி. டயருக்கு அப்படி இல்லை.

சரி, அந்த எண்பது பர்சென்ட் எங்கிருந்து வந்தது? அது முழுப் பொய்யும் இல்லை. அங்கேதான் வேடிக்கை. அப்பா தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, மருந்து இல்லாத முனையைப் பள்ளத்தில் இறக்கி, பட்டன் மட்டத்தில் நகத்தால் கீறினார். (டயரின் மேலே புடைத்திருக்கும் கட்டங்களை அவர் பட்டன் என்பார், பட்டன் தேய்ந்துபோனால் மொட்டை.) என் பெண்ணின் ஸ்கேலில் வைத்து அளந்தோம். பின் டயர்களில் ஆறரை மில்லிமீட்டர், முன் டயர்களில் ஐந்து. புதுக் கார் டயரில் ஏறக்குறைய எட்டு இருக்கும். எட்டில் ஆறரை என்றால் எண்பது பர்சென்ட்தான். பையன் பின் டயரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். முன் டயரைச் சொன்னால் அறுபத்திரண்டு.

அதுவும் சரியான கணக்கு இல்லை. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள், அதனால் விட மனது வரவில்லை. டயரை எட்டிலிருந்து பூஜ்யம் வரைக்கும் தேய்க்க முடியாது. 1.6 மில்லிமீட்டர்தான் சட்டப்படியே கடைசி எல்லை. பள்ளங்களின் அடியில் குறுக்கே சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும், டயரின் விளிம்பில் முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ போட்டு அது எங்கே என்று காட்டியிருப்பார்கள். அந்தத் திட்டின் உயரம் 1.6. பட்டன் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. ஆக நமக்குப் புழங்கக் கிடைப்பது எட்டு அல்ல, 6.4தான். ஐந்து மில்லிமீட்டர் டயரில் உண்மையான மிச்சம் 3.4, அதாவது 53 பர்சென்ட். வீட்டில் சமையல் சிலிண்டர் தீர்வதைக் கணக்கிடும்போது காலி சிலிண்டரின் எடையைக் கழிக்கிறோமே, அது மாதிரி.

இந்த எல்லையைத் தொட்ட பிறகுதான் மாற்ற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. பள்ளம் இருப்பதே சாலையில் நிற்கும் தண்ணீர் டயருக்கு அடியிலிருந்து வெளியேறத்தான். பள்ளம் ஆழம் குறையக் குறைய அந்த வேலை நடக்காது, வேகத்தில் டயர் தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் பேச்சுக் கேட்காது. நான் மூன்று மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஓர் உள்ளங்கை அளவு இடத்தில்தான். நான்கு உள்ளங்கையை நம்பித்தான் கப்பலூர் டோல்கேட் பக்கம் தினமும் போய் வருகிறேன்.

அடுத்த ஞாயிறு குற்றாலம் போவதாக இருந்தோம். சீசன். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "இந்த டயர்ல மாட்டுத்தாவணி தாண்டக் கூடாது." எனக்குக் கோபம். கார் வாங்கிய கையோடு இன்னும் செலவா? விற்ற இடத்துக்குப் போன் செய்தேன். "மேடம், பட்டன் நல்லா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்றான் பையன். வயதைப் பற்றிக் கேட்டேன். "டயருக்கு ஏது மேடம் வயசு?" என்றான். அவன் ஏமாற்றினான் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரிந்திருக்காது. கார் கம்பெனிகள் பலவும் ஆறு வருடம் என்று சொல்கின்றன, சில டயர் கம்பெனிகள் ஐந்து வருடத்துக்கு மேல் வருடா வருடம் காட்டுங்கள், எப்படி இருந்தாலும் பத்தோடு தூக்கிப் போடுங்கள் என்கின்றன. மதுரை வெயிலில் எட்டு வருடம் நின்றதைப் பத்து என்றே எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்பாவின் கட்சி.

டயர் கடையில் கழற்றிய பிறகு அந்தக் கடைக்காரர் ஒரு டயரை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக் காட்டினார். உள்பக்கச் சுவரில் சுற்றிலும் ஒரு கோடு. விரல் நகம் முழுதாக நுழையும் அளவுக்கு ஆழம். உள்ளே நூல் தெரிந்தது. நான் அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை. நான்கு டயர், பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன் செய்வது), அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரி செய்வது), புது வால்வு எல்லாம் சேர்த்து 19,400 ரூபாய். ஆடித் தள்ளுபடிக்கு மேல் போய்விட்டது. சின்னத்தை ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருந்ததே போதும். புது டயருக்கும் நம்பரைப் பார்த்துத்தான் வாங்கினேன். முதலில் எடுத்து வந்ததில் ஒன்று ஒன்றரை வருடம் கிட்டங்கியில் கிடந்தது, மற்ற மூன்று இரண்டு மாதம். "ஒரே வாரத்துல நாலு தாங்கண்ணே" என்றேன். "அக்கா நம்பர்லாம் பாக்குறாங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அன்றிலிருந்து எனக்கு டயர் பைத்தியம் பிடித்தது. இருந்தும் அடுத்த வருடமே ஏமாந்தேன். இந்தத் தடவை ஏமாற்ற வேறு யாரும் இல்லை.

2024 ஆவணியில் துவரிமான் பக்கம் ஒரு குழியில் இடது முன்சக்கரம் இறங்கி ஏறியது. சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது. நிறுத்திப் பார்த்தேன், டயரில் காயம் இல்லை. கொஞ்ச நாளில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் வண்டி இடப்பக்கம் போனது. நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றது. கல்லூரியில் ஆடிட் நேரம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளினேன். தீக்குச்சி வைத்து அளந்தேன், வெளி ஓரத்திலும் நடுவிலும் ஆறு மில்லிமீட்டர். நன்றாகத்தானே இருக்கிறது?

கார்த்திகையில் ஒரு நாள் கைச் சாவி சக்கரத்துக்குப் பின்னால் உருண்டு போனது. எடுக்கக் கையை விட்டபோது சுருக்கென்று குத்தியது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். டயரின் உள் ஓரம், இரண்டு விரல் அகலத்துக்கு, முட்டை மாதிரி மொட்டை. ஓர் இடத்தில் ரப்பர் போய் உள்ளே பின்னியிருக்கும் இரும்புக் கம்பி முடி முடியாக வெளியே நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் எழுபது பர்சென்ட் டயர். குழியில் விழுந்ததில் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர் மூட்டு) அடிபட்டுச் சக்கரம் கோணலாகி, நான்கு மாதமாக உள் ஓரத்தால் மட்டுமே நடந்திருக்கிறது. செருப்பை ஒரு பக்கமாகத் தேய்த்து நடப்பவர்கள் உண்டே, அப்படி. டி.டி. ஊசி ஒன்று, டயர் இரண்டு, புஷ் வேலை தனி. அதுமுதல் டயர் ஓரத்தை வெறும் விரலால் தடவ மாட்டேன், ஒரு பழைய துணியைச் சுற்றிக்கொண்டுதான்.

அப்பாவுக்கு இந்தத் தேய்மானக் கணக்கெல்லாம் அத்துப்படி. எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறாய். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் என்றால் அலைன்மென்ட். குழி குழியாக, வரப்பும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் பார். உள்ளங்கையை ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் அரம் மாதிரி இருந்தால், அதுவும் சக்கரம் கோணலாகப் போவதன் அடையாளம், மொட்டை ஆவதற்கு ரொம்ப நாள் முன்பே அது கைக்குத் தெரிந்துவிடும். இந்தக் கடைசியைச் செய்திருந்தால் எனக்கு ஊசி மிச்சம்.

அந்த இரண்டு புது டயரை எங்கே மாட்டுவது என்பதில் கடையிலேயே எனக்கும் அப்பாவுக்கும் தகராறு. முன்னால்தான் மாட்ட வேண்டும் என்றார். பஸ்ஸில் அப்படித்தான். ரீட்ரெடிங் செய்த டயர், அதாவது தேய்ந்ததன்மேல் புது ரப்பர் ஒட்டியது, பின்னால்தான் போகும், முன்னால் எப்போதும் நல்ல டயர். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். கடைக்காரரும் அவர் பக்கம், "இழுக்கிறதே முன் வீலுதானக்கா." நான் படித்தது வேறு. காரில் ஜோடியாக மாற்றும்போது புதியதைப் பின்னால் போடச் சொல்கிறார்கள். மழையில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தால் பெரும்பாலும் பிடிக்குள் வந்துவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி பின்பக்கமாகச் சுழலும், என்னைப் போன்ற ஓட்டுநரால் அதைத் திருப்ப முடியாது. பின்னால்தான் போட்டேன். அப்பா வீடு வரைக்கும் பேசவில்லை. இன்றைக்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 29 வருடம் பஸ் ஓட்டியவரிடம் கையேட்டை நீட்டினால் அப்படித்தான்.

போன ஐப்பசி மழையில் இன்னொன்று. தண்ணீர் மூடிய குழி, மறுபடியும் இடப்பக்கம். இரண்டு நாள் கழித்து டயரின் பக்கச் சுவரில் பாதி எலுமிச்சம்பழம் ஒட்டிய மாதிரி ஒரு வீக்கம். குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே டயர் நசுங்கும்போது உள்ளே இருக்கும் நூல்கள் அறுந்துபோகும். வெளியே கீறல்கூட இருக்காது. நூல் இல்லாத இடத்தில் வெறும் ரப்பர்தான் காற்றைத் தாங்குகிறது. பலூனுக்கும் அதற்கும் வித்தியாசம் கொஞ்சம். இதற்கு ஒட்டு கிடையாது, மாற்றுவது ஒன்றே வழி. பஞ்சர் கடையில் ஒருவர், "உள்ள ட்யூப் போட்டு ஓட்டலாம்க்கா, ஆறு மாசம் வரும்" என்றார். அந்த ஆறு மாதம் எந்தச் சாலையில், எந்த வேகத்தில், பின் சீட்டில் யார் இருக்கும்போது முடியும் என்று அவர் சொல்லவில்லை.

எங்கள் ஆபீஸில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுப் பயந்து தன் காரைக் காட்டினார். அவர் டயரில் இருந்தது வீக்கம் அல்ல, மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய அழுங்கல். அது ஒன்றும் செய்யாது. உள்ளே நூல் துணியின் இரு முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் அப்படித் தெரியும். வெளியே புடைத்தால்தான் ஆபத்து.

ஆணி பற்றி ஒரு வார்த்தை. டயரில் ஆணி தெரிந்ததும் பிடுங்காதீர்கள். ட்யூப்லெஸ் டயரில் ஆணியே தக்கையாக நின்று காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படியே மெதுவாகக் கடைக்குப் போய்விடலாம். மேல்பட்டையில் சின்னத் துளை என்றால் டயரைக் கழற்றி உள்ளிருந்து மஷ்ரூம் (காளான் வடிவ ரப்பர் அடைப்பான்) வைத்து அடைப்பது நல்லது, வெளியிலிருந்து செருகும் திரி அவசரத்துக்கு. பக்கச் சுவரில் துளை என்றால் டயர் போனது போனதுதான்.

காற்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால்தான் ஒருவரும் பார்ப்பதில்லை. டிரைவர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எண்தான் கணக்கு. டயரின்மேல் அச்சிட்டிருக்கும் பி.எஸ்.ஐ. அந்த டயர் தாங்கும் உச்ச எல்லை, அதை வைக்கக் கூடாது. காலையில், வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். வெயிலில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பங்க்கில் அளந்தால் நான்கைந்து கூடுதலாகக் காட்டும், பையன் இறக்கிவிடுவான், மறுநாள் காலையில் அது குறைவாக நிற்கும். குறைந்த காற்றில்தான் டயர் அதிகமாக வளைந்து சூடேறி வெடிக்கிறது, சித்திரை வெயிலில் காற்றைக் குறைத்து வைப்பது நல்லது என்று நினைப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. பங்க்குக்குப் பங்க் அளவு மாறுவதால் நானே ஒரு கேஜ் வாங்கிவிட்டேன். நைட்ரஜன் போடட்டுமா என்று கேட்பார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 பர்சென்ட் அதுதான், இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன்.

ஸ்டெப்னியை நான் மறந்தே போயிருந்தேன். முதல் தடவை நான்கு டயரையும் மாற்றியபோது டிக்கிக்குள் கிடந்த ஐந்தாவதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் தூக்கினால், புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் மீசை முடிகூட உதிராத புத்தம் புது டயர். நம்பர் 1915. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் கிழடானது. காற்று வெறும் பன்னிரண்டு பி.எஸ்.ஐ. (ஸ்டெப்னி என்ற பெயர், வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. அங்கே கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904இல் உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன் கார்களில் அப்படி ஒன்று கிடையாது. பிரிட்டன்காரர்களே மறந்த பெயரை நம் ஊர் பஞ்சர் கடைகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.)

இப்போது மாதத்தில் முதல் ஞாயிறு, காபிக்கு முன்னால். இருபது நிமிடம் ஆகும். காற்றை அளப்பேன், வால்வு மூடி இருக்கிறதா என்று பார்ப்பேன், பட்டன் நடுவே மாட்டிய கற்களை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுப்பேன். பாதிப் பேர் கல் என்று நினைத்து எடுக்காமல் விடுவது சில சமயம் ஆணித் தலையாக இருக்கும். மூன்று இடத்தில் குச்சி: உள் ஓரம், நடு, வெளி ஓரம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் முன் டயரின் உள்பக்கம் தெரிந்துவிடும். பின் டயருக்குச் சாக்குதான், அல்லது போனைக் கீழே நீட்டி வீடியோ எடுத்துப் பார்ப்பேன். அப்புறம் ஒரு சின்ன விஷயம், நெடுநாள் எனக்கே தோன்றாதது: தரையில் பதிந்திருக்கும் இடத்தை நாம் பார்க்கவே இல்லை. என் டயர் ஒரு சுற்று உருண்டால் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதனால் பார்த்து முடித்ததும் வண்டியை ஒரு மீட்டர் முன்னால் தள்ளி, மறைந்திருந்த பாதியையும் பார்க்க வேண்டும். தள்ளும் வேலை என் பெண்ணுக்கு. திட்டிக்கொண்டே தள்ளுவாள்.

அப்பாவுக்கு இப்போது மூட்டு வலி, குத்தவைக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. நான் முடித்த பிறகு எழுந்து வந்து நான்கு டயரிலும் ராடால் ஒரு தட்டு.

போன மாதம் எதிர்வீட்டு அக்காவின் மகன் பழைய கார் ஒன்று பார்த்திருப்பதாகச் சொல்லி என்னைத் துணைக்கு அழைத்துப் போனான். 2017 மாடல், சிவப்பு. டயர்கள் நாவல்பழம் மாதிரி பளபள. "தொண்ணூறு பர்சென்ட் இருக்கு" என்றார் அங்கிருந்தவர். நான் கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் பழைய டூத் பிரஷையும் எடுத்து முன் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஓடி வந்தார்.

"மேடம், மேடம், தண்ணி ஊத்தாதீங்க. இப்பத்தான் பாலிஷ் போட்டிருக்கு."